கத்தாமல் அடித்த பந்து

சென்ற வாரமும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏழாவது குழிக்கு அடிக்கும்போது முன்னால் ஈ காக்கை இல்லை. புல் வெட்டுகிறவர்கூடச் சாப்பிடப் போயிருந்தார். என் பந்து லேசாக வலது பக்கம் சாய்ந்ததும் நான் தொண்டை கிழிய "ஃபோர்!" என்று கத்தினேன். பந்து வருகிறது, தலையைக் காத்துக்கொள் என்பதற்காக கோல்ஃப் ஆடுகிறவர்கள் போடும் சத்தம் அது. "யாருக்கும்மா இது, அந்த வேப்பமரத்துக்கா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அடுத்த இரண்டு குழிக்கும் கம்பை உயர்த்துமுன் நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு உங்கள் முழங்கால் கவலை.

நாம் நான்கு பேரும் அறுபதைத் தாண்டியாயிற்று. பேத்தி படம், சர்க்கரை அளவு, மருமகள் சமையல் என்று எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கிறோம். இதை மட்டும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. வாயால் சொன்னால் பாதியிலேயே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம். அதனால் எழுதித் தருகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஓடைப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். அதற்கு முன்னால் அப்பா மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பதினான்கு வருடம் ஆபீஸ் வேலை பார்த்தவர். அங்கே துரைக்கு, அதாவது எஸ்டேட் மானேஜருக்கு, கூட கோல்ஃப் ஆட ஆள் கிடைக்காமல் அப்பாவைக் கூப்பிட்டுக் கையில் ஒரு கம்பைக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். துரை எஸ்டேட்டை விட்டுப் போகும்போது ஒரு கித்தான் பையும், ஏழு கம்புகளும், கொஞ்சம் பந்துகளும், உள்ளங்கை அளவு விதிப் புத்தகமும் அப்பாவுக்கு வந்து சேர்ந்தன. அதோடு அவர் கீழே இறங்கி வந்து சொந்த நிலத்தில் பந்தல் போட்டார்.

அந்தப் பையின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. மலை ஈரம் ஏறிக் காய்ந்த துணி, தோல், அப்பா கம்புகளைத் துடைக்கும் தேங்காயெண்ணெய். இரண்டு கம்புகளுக்கு மரத்தலை. நான்குக்கு இரும்புத்தலை, அடியில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நம்பர் வெட்டியிருக்கும். ஏழாவது கம்பு, குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டுவதற்கு. அப்பா அதை 'உருட்டுக் கம்பு' என்பார். பிளந்துபோன பழைய பந்து ஒன்றை நான் அரிவாளால் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். உள்ளே மெல்லிய ரப்பர் நாடா சுற்றிச் சுற்றி வைத்திருந்தது. ஒரு முனையை இழுத்தால் வீட்டுக்குள் இருந்து கிணறுவரை போய்க்கொண்டே இருந்தது. இப்போதைய பந்துகளுக்குள் அப்படி ஒன்றும் இல்லை.

பந்தலை ஒட்டி எங்களுக்கு ஒரு மானாவாரிக் காடு இருந்தது. மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அதில் அப்பா மூன்று குழி தோண்டி, குழிக்கு ஒரு பால்பவுடர் டப்பாவைப் புதைத்தார். புல்லுக்கு எங்கே போவது? ஒவ்வொரு டப்பாவைச் சுற்றியும் ஆற்று மணலைக் கொட்டி, கிணற்று மோட்டாரில் இருந்து எடுத்த பழைய ஆயிலை அதில் கலந்து, சாக்கை இழுத்துச் சமப்படுத்தினார். பந்து உருளும் வட்டம் அதுதான். வலப்பக்கம் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டி முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் திராட்சைத் தோட்டம். எங்கள் ஓரத்துக் கற்களுக்கெல்லாம் அப்பா வெள்ளை அடித்தார். வெள்ளைக் கல்லைத் தாண்டினால் பந்து எல்லைக்கு வெளியே.

"வெயில்ல நின்னு மண்ணக் கொத்திக்கிட்டுத் திரியுறீக. பொம்பளப் புள்ளையையும் சேத்துக் கெடுக்குறீக" என்று அம்மா சொல்வார். அப்பா சிரிப்பார். ஊரில் சிலர் அவரைத் 'துரை' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கேலிதான். அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

விளையாட்டைவிட அப்பாவுக்கு நோட்டுத்தான் உயிர். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. கட்டம் போட்டு, எந்தக் கம்பு, எத்தனை தப்படி போனது, நேரா, இடதா, வலதா, டப்பாவில் விழ எத்தனை தட்டு என்று ஒவ்வொரு அடியையும் பென்சிலால் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். "அஞ்சாம் நம்பர்ல பத்துக்கு ஆறு வலது பக்கம் போகுது, ஆத்தா. ஒன் கை சொல்றத நீ நம்பாத, நோட்டு சொல்றத நம்பு." இப்போது நாம் கைப்பேசியில் தட்டித் தட்டிச் சேர்க்கிறோமே, அந்த வேலையை அவர் அன்றைக்கே கட்டம் போட்டுச் செய்தார்.

ஒரு நாள் தூரத்து டப்பாவுக்குப் பக்கத்தில் அப்பா தனியாக நின்றார். நான் இந்தப் பக்கம் இருந்தேன். பந்துக்குப் பின்னால் கம்பை வைத்தவர் சட்டென்று நிமிர்ந்து, "எனக்கு ஒரு அடி கூட்டி எழுது. பந்து ஒரு விரக்கடை அசைஞ்சிருச்சு" என்று கத்தினார். குறைந்த அடியில் முடிப்பவர்தானே ஜெயிப்பது, கூட்டி எழுதுவது தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் அபராதம். "நான் பாக்கலையேப்பா" என்றேன். "நீ பாக்கலேன்னா அசையாமப் போயிருமா? இந்த ஆட்டத்துக்கு அம்பயர் கிடையாது. அவனவன் தப்ப அவனவன்தான் சொல்லணும்." அந்த வயதில் அப்பாவைவிடப் பெரிய மனிதர் எனக்கு உலகத்தில் இல்லை. அவரிடம் எனக்கு இருந்த பயமும் அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்றும் அவர் செய்தார். பெரியப்பா தோட்டத்தில் குலை வெட்ட வரும் பெண்களை வேலி ஓரம் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். "ஃபோர்னு சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு திரும்பிப் பாக்கக் கூடாது. குனிஞ்சு ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிறணும்." அவர்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் கற்றுக்கொண்டார்கள். நான் விளையாட்டுக்குக் கத்தினால்கூட வரிசையாகக் குனிவார்கள். அதிலே முதலில் குனிவது பெட்டி அடுக்கும் அக்காதான். எங்கள் தோட்டத்துக்கும் வேலைக்கு வருவாள். என் தலையில் இருக்கும் பூவைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "எப்பிடி இருக்கேன், தொரைசாணி?" என்று கேட்பாள்.

அந்த அறுப்புக் காலத்தில் கிளியும் மைனாவும் அளவில்லாமல் வந்தன. பெரியப்பா பறவை விரட்ட ஒரு ஆளை வைத்திருந்தார். பந்தல் மூலையில் பரண். அதன் மேல் நின்று கவணைச் சுழற்றிப் பந்தலுக்கு மேலாகக் கல் விடுவார். கவண்காரரும் அவர் மனைவியும் பெரியப்பாவின் மோட்டார் ரூமில்தான் குடியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது மாசம். வேலை போனால் வீடும் போகும் என்பது எனக்கே தெரியும்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பா ஊரில் இல்லை, உரம் வாங்கத் தேனிக்குப் போயிருந்தார். பதினொரு மணி இருக்கும். அம்மா உள்ளே அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் பையில் இருந்து பெரிய மரத்தலைக் கம்பை உருவினேன். அதைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. "அது ஒனக்கு நீளம். எங்க போகும்னு ஒனக்கே தெரியாது" என்று சொல்லியிருந்தார். அதனால்தான் எனக்கு அதன்மேல் ஆசை.

ஒருவர் பந்து இன்னொருவர் பந்தோடு கலந்துவிடக் கூடாது என்று ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்திருந்தோம். அப்பா பந்துகளில் நீல மையால் பெருக்கல் குறி. என்னுடையவற்றில் அம்மாவின் நகப்பாலிஷால் இரண்டு சிவப்புப் புள்ளி. எனக்கு ஆறு பந்து. அதில் ஒன்றைச் சின்ன மண்மேட்டின் மேல் வைத்தேன். தூரத்து டப்பாவைப் பார்த்து வீசினேன்.

அதுவரை என் கையில் அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. உள்ளங்கையில் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமாகப் பட்டது. பந்து நேராக எழும்பி, உச்சிக்குப் போய், அங்கிருந்து வலது பக்கம் வளைந்தது. வேலி ஓரத்தில் பெட்டி அடுக்கும் அக்கா நின்றிருந்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சொம்பை உயர்த்தி, அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நேரம் இருந்தது. நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன். கத்தினால் அம்மா வெளியே வருவார், கையில் மரத்தலைக் கம்பைப் பார்ப்பார், சாயங்காலம் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். இதைத்தான் நினைத்தேன். இவ்வளவையும் யோசிக்க நேரம் இருந்திருக்கிறது என்றால் ஒரு வார்த்தை கத்துவதற்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டேன்.

சொம்பு கல்லில் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு அக்காவின் சத்தம். நான் திரும்பி ஓடினேன். கம்பைப் பாவாடையால் துடைத்துப் பையில் செருகினேன். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகம் தலைகீழாக இருந்தது. அம்மா அரைத்த கையோடு என்னைத் தாண்டி வெளியே ஓடினார்.

கூட்டம் கூடியதும் நானும் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். அக்கா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணைப் பொத்தியிருந்த துண்டு சிவப்பாகிக்கொண்டே வந்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி பரணைக் கைகாட்டினாள். "கவங்கல்லுதான். வேற என்ன வரும் மேல இருந்து?"

பெரியப்பா பரணுக்குக் கீழே போய் நின்றார். "ஏலே! கீழ எறங்குறா!"

கவண்காரர் இறங்கி வந்தார். "நான் தெக்க பாத்துல்ல எறிஞ்சேன். இங்கிட்டுத் திரும்பவே இல்லைங்க."

"ஒன் கல்லு இல்லாம? வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

தரையில் கவண்கல் எத்தனையோ கிடந்தன. அதில் எது என்று யாரும் தேடவில்லை. நான் மட்டும் ஒவ்வொருவர் காலடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக எதுவும் கண்ணில் படவில்லை. அக்காவை வண்டியில் ஏற்றித் தேனிக்குக் கொண்டு போனார்கள். போகும்போது அவள் நல்ல கண் என்மேல் ஒரு தரம் பட்டது. அது என்னைப் பார்த்ததா, சும்மா பட்டதா என்று தெரியாமலேயே அடுத்த ஒரு மாதத்தைக் கழித்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு காரியம் செய்தேன். அப்பாவின் பந்து ஒன்றை எடுத்து, நீலக் குறியைக் கல்லில் தேய்த்து அழித்து, இரண்டு சிவப்புப் புள்ளி வைத்தேன். ஆறு ஆறாகவே இருந்தது. அப்புறம் நோட்டில் அன்றைய தேதி போட்டு, ஐந்தாம் நம்பர் இரும்பால் பத்து அடி என்று எழுதினேன். வலது பக்கம் என்ற கட்டத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது. அதனால் பத்தையும் 'நேர்' என்ற கட்டத்தில் போட்டேன்.

மறுநாளே அப்பா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். "கண்ணு எப்பிடி இருக்கு?" என்று அம்மா கேட்டார். "கட்டுப் போட்டிருக்காக. அவுத்துப் பாத்தாத்தான் தெரியும்னாக." அவ்வளவுதான் சொன்னார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டாமல், மடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதை நான் பார்த்தேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. அப்பா என் நோட்டை எடுத்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தைப் புரட்டியவர் அந்தத் தேதியில் நின்றார்.

"பத்துக்குப் பத்தும் நேராப் போச்சா?"

"ஆமப்பா."

என்னையே பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்தேன். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "நல்லா வருது ஆத்தா" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். அன்றைக்கே காய்ச்சல் வந்தது.

அம்மா என்ன செய்வார், பாவம். "ரத்தத்தப் பாத்துப் பயந்துருச்சு, பயந்த கோளாறுதான்" என்று கோயிலுக்குக் கூட்டிப் போனார். பூசாரி என் நெற்றியில் திருநீறு போட்டு, கண்ணை மூடி, "புள்ள எதையோ பாத்திருக்கு. உள்ளுக்குள்ளயே வச்சிருக்கு" என்றார். அடுத்த வார்த்தையாகப் பந்து என்று சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் கறுப்புக் கயிறு ஒன்றைக் கையில் கட்டி, மூன்று நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காய்ச்சல் விட்ட அன்று கவண்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா வாசலில் கம்புகளைப் பரப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மோட்டார் ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாக. வீட்டுக்காரிக்கு ஏழு மாசம். எங்கிட்டுப் போவேன்?" என்றார் கவண்காரர். மடியில் இருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். "இதப் பாருங்க. நான் எறியுறது இந்த நெல்லிக்கா அளவுதான். எலுமிச்சம்பழம் அளவுக்குக் காயம்னு சொல்றாக. அந்த அளவு கல்லு என் கவண்ல நிக்காதுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாக. நாயமான மனுசன்னு ஊரே சொல்லுது."

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு என்னப்பா தெரியும்? நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

"ஐயா..."

"நான் ஊர்ல இருந்திருந்தா சொல்லலாம். இல்லாதவன் என்னத்தச் சொல்ல?"

கதவுக்கும் சுவருக்கும் இடையில் நின்று நான் வாயைத் திறந்தேன். இரண்டாம் தடவை. அப்பா ஒன்றும் தெரியாதவர், நான் சொன்னால் உடனே எழுந்து பெரியப்பா வீட்டுக்குப் போவார், கவண்காரர் மோட்டார் ரூமுக்குத் திரும்பிவிடுவார் என்று நம்பினேன். ஒரு விரக்கடை அசைந்ததற்குத் தன் தலையில் ஒரு அடியைப் போட்டுக்கொண்ட மனிதரின் மகள் இப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரியவேண்டுமே, அதுதான் பயம். மறுபடி வாயை மூடிக்கொண்டேன். கவண்காரர் கல்லை மறுபடி மடியில் கட்டிக்கொண்டு போனார்.

குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குப் போகிறார்கள் என்று பேச்சு. தலையில் ஒரு டிரங்குப் பெட்டியும் கையில் கவணுமாக அவர் முன்னால் நடக்க, அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பரணை யாரோ விறகுக்குப் பிரித்தார்கள்.

அறுப்பு முடிந்து கவாத்து வந்தது. திராட்சைக் கொடியைக் கட்டையாக வெட்டிவிட்டால் பந்தல் மொட்டையாகிவிடும், அடியில் ஒரு குண்டூசி கிடந்தாலும் தெரியும். எனக்கு அந்த வெளிச்சமே பயமாக இருந்தது. கவாத்துக்காரர்கள் குப்பையைக் கூட்டும்போது பந்து வந்துவிடும், இரண்டு சிவப்புப் புள்ளி, வேறு யாருடையது என்று கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் வேலிக்குள் நுழைந்து தேடினேன். பந்து காணாமல் போனால் ஐந்து நிமிடம்தான் தேடலாம் என்பது அப்போதைய விதி, இப்போது மூன்று. நான் பதினொரு நாள் தேடினேன். நெல்லிக்காய் அளவில் நூறு கவண்கல் கிடைத்தது. பந்து கிடைக்கவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தபோது, தேடிக்கொண்டிருந்த நாட்களே நல்ல நாட்கள் என்று ஆகிவிட்டது. எதிரே வருகிற ஒவ்வொருவர் கையையும் பார்ப்பேன். மடி புடைத்திருந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

அக்கா கவாத்துக் குச்சி பொறுக்கத் திரும்பி வந்தாள். கண் இருந்தது. கண்ணுக்குள் பால் ஊற்றிய மாதிரி ஒரு மூட்டம். "நெழலாட்டம் தெரியுது, போதும்" என்று அம்மாவிடம் சொன்னாளாம். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் நான் மாட்டுக்கொட்டத்துக்குப் போய்விடுவேன்.

அப்பா வெகு நாளாகப் பையைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு, திடீரென்று, "வா ஆத்தா, ஆடலாம்" என்றார். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே, போனேன். அவர் முன்னால் நடந்து தூரத்து டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். நான் ஐந்தாம் நம்பரை எடுத்தேன். அடித்தேன். வலது பக்கம். வெள்ளைக் கல்லைத் தாண்டி, வேலிக்கு மேலாக.

அப்போது வந்த சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. "ஃபோர்! ஃபோர்! ஃபோர்!" மொட்டைப் பந்தலுக்கு அடியில் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் குனிந்து தலையைப் பொத்தினார்கள். அக்காதான் முதலில் குனிந்தாள். பந்து யார்மேலும் படாமல் மண்ணில் விழுந்து இரண்டு தரம் துள்ளி நின்றது.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்கள். அக்கா பந்தை எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள். முள்ளை விலக்கிக் கையை நீட்டினாள். நான் வாங்கப் போனதும் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் இப்பிடிக் கத்தியிருந்தா நான் குனிஞ்சிருப்பேன்ல, பாப்பா."

நான் பந்தைப் பிடித்திருந்த அவள் கையையே பார்த்தேன்.

"காலுக்குக் கீழதான் கெடந்துச்சு. அந்த வலியிலயும் எடுத்து மடியில கட்டிக்கிட்டேன். ஆளுக்காள் பாத்தா ஒன்னய அடிப்பாகளேன்னு. ஆசுபத்திரிக்கு ஒங்கப்பா வந்தாகள்ல, அப்பக் குடுத்துட்டேன். கவண்கார அண்ணன் மேல பழி விழுகுது, பாத்துக்கங்கன்னேன். பாத்துக்கிறேன்னாக."

"நீங்க ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"ஒங்கப்பாவே பேசாம இருக்கையில நான் சொன்னா யாரு கேப்பா? நாளைக்கு ஒங்க தோட்டத்துக்குத்தான நான் வேலைக்கு வரணும்." பந்தை விட்டாள். அந்த மூட்டம் போட்ட கண்ணும் நல்ல கண்ணும் சேர்ந்து என்னைப் பார்த்தன. அதில் கோபம் இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். பாவம் பார்த்தாள்.

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். ஆயில் மணல் வட்டத்தில், உருட்டுக் கம்பை ஊன்றி நின்றார். அலமாரிக்குள் பூட்டிய சட்டை எனக்கு அப்போதுதான் விளங்கியது. பத்துக்குப் பத்தும் நேரா என்று கேட்டது விளங்கியது. கவண்காரர் கல்லைக் காட்டி நின்றபோது, எலுமிச்சை அளவில் இரண்டு சிவப்புப் புள்ளியோடு அந்தப் பந்து உள் அறையில், அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருப்பார். இல்லை, நியாயமான மனுஷன் என்று ஊர் சொன்னதைக் காப்பாற்றினாரோ. இவ்வளவு காலம் ஆகியும் எனக்கு எது என்று தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. அதுவரை அப்பா என்னை என்ன செய்வாரோ என்று பயந்தேன். அந்த நிமிடத்தில் இருந்து அப்பாவைப் பார்க்கவே பயந்தேன்.

"என்னத்தா சொல்லுது அந்தப் புள்ள?" என்று அங்கிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. பந்த எடுத்துக் குடுத்தாக."

அப்பா கையைத் தூக்கி வெள்ளைக் கல்லைக் காட்டினார்.

"எல்லை தாண்டிருச்சுல்ல. ஒரு அடி கூட்டி எழுதிக்க. யாரும் பாக்கலேன்னு விட்றக் கூடாது."

நோட்டைப் பிரித்து, வலது என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு அடி கூட்டி எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அப்பா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.